நாலு வரியில் நின்றுபோன பாட்டு

ரோமியோ ஜூலியட் என்றதும் நம்மில் பலருக்கு "ஓடிப்போன சோடி" என்ற நினைப்புத்தான் வருகிறது. அவர்கள் சேர்ந்து எங்கேயும் ஓடவில்லை. ஓடுவதற்கு நேரமே கிடைக்கவில்லை!

கதை ஷேக்ஸ்பியரின் சொந்தக் கற்பனையல்ல. 1562இலேயே ஆர்தர் புரூக் என்பவர் இதனை நீண்ட ஆங்கிலக் கவிதையாக வெளியிட்டிருந்தார். அதில் மணமுடித்த இருவரும் ஒன்றிரண்டு மாதங்கள் இரகசியமாகச் சந்தித்து மகிழ்ந்திருக்கிறார்கள். பெற்றோர் சொல் கேளாததால் வந்த வினை என்று முன்னுரையில் புரூக் பழியைப் பிள்ளைகள் தலையில் போட்டுவிடுகிறார். ஷேக்ஸ்பியரோ ஞாயிறு காலை தொடங்கி வியாழன் விடியலுக்குள் எல்லாவற்றையும் முடித்துவிடுகிறார். மணமுடித்த அன்றே கொலை, மறுநாள் விடியலில் பிரிவு. புரூக்கிடம் 16ஐ நெருங்கியிருந்த ஜூலியட்டுக்கு நாடகத்தில் 14கூட நிரம்பவில்லை.

இந்த அவசரம் பாவின் வடிவத்திலேயே இருக்கிறது. விருந்தில் இருவரும் முதன்முதலாகப் பேசும் இடத்தை வகுப்பில் வாசிக்கும்போது வரிகளை எண்ணச் சொல்வோம். சரியாக 14 வரும். அது சொனெற் என்னும் பா. அந்தக் காலத்தில் காதலன் தனியே இருந்து எழுதும் பா அது. அந்தப் பெண்ணுக்கு அதில் வாயே கிடையாது. இங்கே ரோமியோ நாலு வரி, ஜூலியட் நாலு வரி, மிச்சத்தை மாறி மாறி. ஒருவர் விட்ட எதுகையை மற்றவர் பிடித்துக்கொள்கிறார். (பிள்ளைகளுக்கு இது பிடிபடும் நேரம் வகுப்பே கலகலக்கும்.)

அது முடிந்த கையோடு இரண்டாவது பாட்டு தொடங்குகிறது. நாலு வரிதான். தாதி வந்து, உம்மா கூப்பிடுகிறார் என்கிறாள். பாட்டு அதோடு நின்றுபோகிறது.

பிறகு நடப்பதெல்லாம் பெரியவர்களின் அவசரம். இன்னும் இரண்டு வருடம் போகட்டும் என்று மாப்பிள்ளையிடம் சொன்ன அதே தகப்பன், திடீரென வியாழன் கல்யாணம் என்கிறார். பிறகு அதையும் புதனுக்கு மாற்றுகிறார். பாதிரியார் போட்ட திட்டத்தில் கையிலிருந்த ஒரு நாள் அப்படியே போய்விட்டது. புரூக் யாரைக் குற்றம் சொன்னார், நாடகம் யாரைக் காட்டுகிறது என்று நாம் இந்த இடத்தில் கேட்கத்தான் வேண்டும்.

கடைசியில் இரு சடலங்களின் முன்னால் இளவரசர் பேசி முடிக்கும் வரிகளையும் எண்ணிப் பாருங்கள். ஆறு. எதுகை அமைப்பு சொனெற்றின் கடைசி ஆறு வரிகளுக்குரியது. முன்னால் வரவேண்டிய எட்டு வரிகள் இல்லை.