மயூரியின் கால்



'தெய்வம் தந்த வீடு' நாடகத்தில் மருமகளைப் பாடாய்ப் படுத்திய மாமியாரை நம் உம்மாமார் மறந்திருக்க மாட்டார்கள். அந்த சுதா சந்திரனுடைய வலது கால் செயற்கைக் கால் என்று வகுப்பில் சொன்னேன். பிள்ளைகள் நம்பவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

1981 மே மாதம். பரதநாட்டியம் ஆடிக்கொண்டிருந்த பள்ளி மாணவி அவர். தமிழ்நாட்டில் பயணித்த பஸ் விபத்துக்குள்ளானது. காலைக் கெடுத்தது விபத்தை விட, கணுக்காலில் இருந்த ஒரு சிறு காயம். அதைக் கவனிக்காமல் மேலே பிளாஸ்டர் போட்டுவிட்டார்கள். உள்ளே சதை அழுகியது. உயிரைக் காப்பாற்ற முழங்காலுக்குக் கீழே வெட்டினார்கள்.

ஆடுபவர்களுக்குக் கால் நோவது புதிதல்ல. ஐரோப்பாவில் பாலே ஆடும் பெண்கள் விரல் நுனியில் நின்றே விரலையும் கணுக்காலையும் பழுதாக்கிக் கொள்கிறார்கள். அவர்களுக்கு அதற்கென்று ஒரு சப்பாத்தாவது இருக்கிறது. பரதம் வெறுங்கால் ஆட்டம். முழங்காலை மடித்து அரைமண்டியில் நின்று தரையைத் தட்ட வேண்டும். நோவு முழங்காலுக்கும் குதிகாலுக்கும். மரக்கட்டைக் காலால் இது நடக்கிற காரியமா?

அன்று கிடைத்த மேல்நாட்டுச் செயற்கைக் கால்கள் கதிரையில் இருந்து, சப்பாத்துப் போட்டு நடப்பவர்களுக்காகச் செய்யப்பட்டவை. குந்த முடியாது, சம்மணமிட முடியாது, சேற்றில் இறங்க முடியாது. தொழுகையில் இருப்புக்கு மடிப்பதும் கஷ்டம். ஜெய்ப்பூரில் டாக்டர் பி. கே. சேத்தியும், அதிகம் படிக்காத கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் 1960களின் கடைசியில் இதற்கு வழி கண்டார்கள். டயர் ஒட்டும் கடையில் இறப்பரைச் சூடாக்கி இறுக்குவதைப் பார்த்துத்தான் ராம் சந்திரருக்கு யோசனை வந்தது என்பார்கள். பெயர் டாக்டருக்குப் போனது; என் கணக்கில் பாதிக்கு மேல் அந்தக் கைவினைஞருடையது.

1981இல் சேத்திக்கு மக்சேசே விருது கிடைத்தது. அந்தச் செய்தியைப் படித்துத்தான் சுதா ஜெய்ப்பூர் போனார். ஆடிப் பழகும்போது வெட்டிய இடத்தில் இரத்தம் கசியும். காலைத் திருத்தித் திருத்திச் செய்தார்கள். 1984 ஜனவரி 28இல் மும்பை மேடையில் மறுபடி ஆடினார். அவருடைய கதையை அவரே நடித்த 'மயூரி' தெலுங்குப் படம் 1985இல் வந்தது.

அதே கால் நம் நாட்டுக்கும் வந்தது. போர்க்காலத்தில் கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் அதைச் செய்து கொடுத்தார்கள். கண்ணிவெடியில் கால் இழந்தவர்கள் அதைப் போட்டுத்தான் வயலுக்குப் போனார்கள்.

எங்கள் பக்கத்து மாமா நாற்பது வருஷம் இறப்பர் பால் வெட்டியவர். சீனி வருத்தம். குதிகாலில் கல் குத்திய காயத்தை ஒரு மாதம் யாருக்கும் காட்டவில்லை, நோகவில்லையாம். சீனி கூடினால் காலில் உணர்ச்சி குறையும் என்பது அவருக்குத் தெரியாது. கால் போய்விட்டது. போன மாதம் புதுக்கால் கொண்டு வந்தார்கள். எல்லோரும் அழுதுகொண்டிருக்க, அவர் பெருவிரலால் அதன் குதியை அமுக்கிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "நல்ல பால்ல செஞ்சீக்கிது சேர்" என்றார்.