எந்த ஒறிஜினல்?

கல்லடியில் பெரியப்பா வீட்டு முற்றத்தில், பூவரச மரத்துக்குக் கீழே, ஒரு மொறிஸ் மைனர் பத்து வருசமாக நிற்குது. அப்பப்பா 1959இல் வாங்கினது. பெரியப்பாட மகன் அண்ணா இந்த வருசம் அதைத் திருத்தி "ஒறிஜினல் ஆக்கப் போறன்" என்று வெளிக்கிட்டார். "எந்த ஒறிஜினல் மகன்?" என்று கேட்டார் பெரியப்பா. பகிடிக்குத்தான் கேட்டார். வரலாறு படிக்கிற எனக்கு அந்தக் கேள்வி மண்டைக்குள்ளேயே நின்றுவிட்டது.

பழைய கார்களின் உலகத்தில் "ஒறிஜினல்" என்ற சொல்லுக்குப் பெரிய விலை இருக்கு. 2018 ஓகஸ்ட்டில் கலிபோர்னியாவின் மொன்டரேயில், 1962ஆம் ஆண்டு இத்தாலியில் செய்த ஃபெராரி 250 ஜீடிஓ ஒன்று 48.4 மில்லியன் டொலருக்கு ஏலம் போனது. அந்த ரகத்தில் செய்தவை 36 மட்டும்தான். இந்தக் காரில் முதல் பூட்டிய என்ஜினும் கியர்பொக்ஸும் அப்படியே இருந்தன. ஆனால் அதன் வெளியுடல் 1962இல் செய்தது அல்ல. 1964இல் ஸ்காலியெட்டி பட்டறை பழையதைக் கழற்றிப் புது வடிவத்தில் ஒன்றைப் பூட்டியது. அதை யாரும் குறையாகச் சொல்லவில்லை. யார் மாற்றினது, எப்ப மாற்றினது என்று பதிவு இருந்ததால் மாற்றமும் அந்தக் காரின் வரலாறாகிவிட்டது.

இனி எங்கட காருக்கு வருவோம். மொறிஸ் மைனரை வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். 1948 முதல் 1971 வரை 16 இலட்சத்துக்கு மேல் செய்தார்கள். அப்பப்பா வாங்கினது 948 சீசீ என்ஜின் கொண்ட 'மைனர் 1000'. இப்ப அதன் பொனட்டைத் திறந்தால் உள்ளே இருக்கிறது டட்சன் என்ஜின்!

இதற்குப் பின்னால் நாட்டின் பொருளாதாரமே கிடக்கு. 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாடு வந்து, கார் இறக்குமதி இறுக்கப்பட்டது. உதிரிப்பாகமும் அருமையாகிப் போனது. ஒரு கார் பழுதானால் இன்னொன்று வாங்கலாம் என்ற நிலை இல்லை. வேற வழி இல்லாமல்தான் எங்கட ஆட்கள் பழைய கார்களைப் பழுதுபார்த்துப் பழுதுபார்த்து ஓடினார்கள். 1977இல் பொருளாதாரம் திறக்கப்பட்ட பிறகு ஜப்பான் வாகனங்களும் அவற்றின் என்ஜின்களும் வந்து குவிந்தன. தேய்ந்த மொறிஸ் என்ஜினைக் கழற்றிவிட்டு டட்சன் என்ஜினை இறக்குவது நாடு முழுக்க நடந்தது. பிரித்தானியாவில் மொறிஸ் மைனர் புதுப்பிக்கிறவர்களுக்கு இலங்கையில் செய்த உடற்தகடுகள் ஏற்றுமதியான காலமும் உண்டு. அந்த அளவுக்குக் கை தேர்ந்திருந்தது.

பிறகு யுத்தம். 1990களில் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் போகாமல் தடுக்கப்பட்டபோது, மொறிஸும் ஒஸ்ரின் ஏ40உம் மண்ணெண்ணெயில் ஓடின. கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, என்ஜின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அந்தக் காலத்து என்ஜின்களில் அமுக்க விகிதம் குறைவு என்பதால் அது சாத்தியமானது. புகை கக்கிக்கொண்டு போன அந்தக் கார்களும் ஒரு பொருளாதாரத் தடையின் ஆவணம்தான்.

எங்கட பக்கத்தில் இன்னொரு எதிரி, உப்புக்காற்று. ஒரு பக்கம் வாவி, மறுபக்கம் கடல். மொறிஸ் மைனருக்குத் தனிச் சட்டம் கிடையாது, உடல்தான் சட்டம். தரைத்தகடு துருப்பிடித்தால் காரின் முதுகெலும்பே போன மாதிரி. எங்கட காரின் தரையில் பாஸ் ஒவ்வொரு காலத்திலும் ஒட்டின தகடுகளை அண்ணா எண்ணிப் பார்த்தார். ஏழு ஒட்டு. அவ்வளவையும் வெட்டி எறிந்துவிட்டுப் புதுத் தகடு போடலாம் என்கிறார் அவர். பாதுகாப்புக்கு அது சரிதான். ஆனால் என்ஜினையும் மாற்றி, எல்லாவற்றையும் 1959க்குக் கொண்டுபோனால், நடுவில் போன அறுபது வருசத்தையும் சுரண்டி எடுத்த மாதிரி இருக்காதா?

அதோட, 1959 என்ற அந்த "ஒறிஜினல்" என்ன சுத்தமான காலமா? காரின் இலக்கத் தகட்டைப் பாருங்கள். ஆங்கில எழுத்துகளை எடுத்துவிட்டு, புதிதாகப் பதியும் வாகனங்களுக்குச் சிங்கள 'ஸ்ரீ' எழுத்தைப் போடச் சொன்ன காலம் அது. தமிழ்ப் பகுதிகளில் அந்த எழுத்துக்குத் தார் பூசி, தமிழ் 'ஸ்ரீ' எழுதினார்கள். 1958இல் அந்தப் போராட்டத்துக்காகத் தண்டனை பெற்ற தந்தை செல்வா அடைக்கப்பட்டது எங்கட மட்டக்களப்புச் சிறையில்தான். அந்த வருசம் ஏப்ரல் 9ஆம் திகதி பண்டா-செல்வா ஒப்பந்தம் கைவிடப்பட்டது. மே மாதம் கலவரம். அடுத்த வருசம் அப்பப்பா அந்த எழுத்தோடுதான் காரை வீட்டுக்குக் கொண்டுவந்தார். 1959க்கு மீட்கிறது என்றால் அதையும் சேர்த்துத்தான் மீட்கிறோம்.

2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில் திரும்பத் திறந்தது. இனிப் பழையதுகள் பல இரும்புக்கடைக்குப் போகும். அதைப் பிழை என்று சொல்ல வரவில்லை. கல்லடியில் 1924இல் கட்டின லேடி மனிங் பாலத்துக்குப் பக்கத்தில் 2013இல் புதுப்பாலம் திறந்தார்கள், வாகனமெல்லாம் அதில்தான் போகுது. பழைய பாலமும் நிற்குது, சனம் அதில் நடக்குது. மாற்றுவதும் வைத்திருப்பதும் ஒன்றுக்கொன்று பகை இல்லை. பதிவில்லாமல் மறைந்து போவதுதான் இழப்பு. ஃபெராரிக்குக் கோப்பு இருக்கு. எங்கட காருக்கு இருக்கிறது பெரியப்பாட ஞாபகமும், எழுபது வயது தாண்டின ஒரு பாஸின் ஞாபகமும் மட்டும்தான்.

அதனால் போன சனிக்கிழமை ஒரு கொப்பியும் கொண்டு அந்த பாஸ் வீட்டுக்குப் போனேன். எந்த ஒட்டு எந்த வருசம், தகடு எங்கே எடுத்தது, டட்சன் என்ஜின் யாருடைய வாகனத்தில் இருந்தது என்று கேட்டு எழுதினேன். ஏழில் ஐந்து ஒட்டுக்கு அவரிடம் கதை இருந்தது. ஒன்று 1978 சூறாவளியில் கழன்று பறந்த கூரைத் தகடாம்.

தரை மாறப் போகுது. என்ஜின் அப்படியே இருக்கட்டும் என்று அண்ணாவும் ஒத்துக்கொண்டார். வெட்டி எடுக்கிற அந்தக் கூரைத் தகட்டுத் துண்டை மட்டும் எனக்குத் தரச் சொல்லி வைத்திருக்கிறேன். உங்கட வீட்டு முற்றத்திலும் ஒன்று நின்றால், விற்க முதல் அதைத் திருத்தின பாஸைத் தேடிப் போய் ஒருக்கா கதைச்சுப் பாருங்கள்.