அழுத்தப் புண்ணும் தொலைபேசி ஆலோசனையும்: ஒரு மறுவாசிப்பு

தண்டுவடக் காயமுற்றோருக்குத் தொலைபேசி வழியே அளிக்கப்படும் ஆலோசனையைப் பற்றிய மதிப்பீடுகளில் ஒரு முடிவு திரும்பத் திரும்ப வருகிறது: ஏழை நாடுகளில் அது புண்ணை ஆற்றவில்லை, உயிரையும் காக்கவில்லை. இதன் முதல் பாதி பெரிதும் 2017இல் வெளியான ஓர் ஆய்வைச் சார்ந்தது. அந்த ஆய்வு அப்படிச் சொல்லவே இல்லை.

மோஹித் அரோரா, லிசா ஹார்வி முதலியோர் இந்தியாவிலும் வங்கதேசத்திலும் நடத்திய அந்தச் சமவாய்ப்பு ஆய்வில், அழுத்தப் புண்ணோடு வீட்டில் வாழ்ந்த 120 பேர் பங்கேற்றனர். ஒரு குழுவுக்கு வாரம் ஒருமுறை என 12 வாரங்கள் தொலைபேசியில் ஆலோசனை கிடைத்தது. மற்றதற்கு அந்த அழைப்புகள் இல்லை. முதன்மை அளவை புண்ணின் பரப்பு. 12ஆம் வார முடிவில் ஆலோசனை பெற்றோருக்குச் சாதகமாக 2.3 சதுர செ.மீ. வேறுபாடு தெரிந்தது, 95 விழுக்காட்டு நம்பக இடைவெளி −0.3 முதல் 4.9 வரை.

இடைவெளிக்குள் சுழி விழுகிறது, ஆகவே பயனில்லை என்பது அவசர வாசிப்பு. இந்த இடைவெளி இடம்கொடுக்கும் கெடுதல் மிகச் சிறிது. நன்மையோ அதைப் போலப் பதினாறு மடங்கு. உறுதியான சான்று கிட்டவில்லை என்பதோடு ஆய்வாளர்கள் நிறுத்திக்கொண்டார்கள். பின்வந்தோர் கையில் அது பயனின்மைக்கே சான்றாகிவிட்டது.

பரப்பு என்ற அளவையையும் கேள்வி கேட்க வேண்டும். சராசரிப் பரப்பில் பெரிய புண்களின் குரலே ஓங்கி ஒலிக்கும். சிறு புண் முழுதும் மூடினாலும் கணக்கில் அது சொற்பம். அழுகிய திசுவை நீக்கினால் புண் முதலில் பெரிதாகவே தெரியும். ஆலோசனையைக் கேட்டு ஒருவர் மருத்துவமனைக்குப் போய்ச் சுத்தம் செய்துகொண்டால், அந்த நற்செயலே அளவில் பின்னடைவாகப் பதிவாகக்கூடும். இது எத்தனை பேருக்கு நேர்ந்தது என்று நான் ஊகிக்கப் போவதில்லை. ஆனால் 12 வாரப் பரப்பளவு ஒன்றை வைத்து ஒரு சேவையைத் தீர்த்துக்கட்ட முடியாது.

துணை அளவைகள் 13இல் எட்டு புள்ளியியல் நோக்கில் பொருளுடைய வேறுபாட்டைக் காட்டின. அவை ஒன்றோடொன்று தொடர்புடையவை. எட்டையும் தனித்தனிச் சான்றாக எண்ணக் கூடாது. சில, பங்கேற்றோரின் வாய்மொழியைச் சார்ந்தவையும்கூட. எனினும் தற்செயலில் 13க்கு ஒன்றுகூட எதிர்பார்க்க இயலாத நிலையில் எட்டு வந்திருக்கிறது. அழைத்தவர் மனம் நோகாதிருக்க நல்லதாகச் சொல்லியிருப்பார்கள் என்ற மறுப்பு வாய்மொழி அளவைகளைப் பொறுத்தவரை முழுதும் நீங்காது. ஆனால் அளவிட்டவருக்கு யார் எந்தக் குழு என்பது தெரியாது.

உணர்விழந்த தோலில் வலி இல்லை. வால் எலும்பருகே உள்ள புண் அதை உடையவர் கண்ணிலும் படாது. யாராவது துணியை விலக்கிப் பார்த்தால்தான் உண்டு. ஒவ்வொரு வாரமும் ஒரு குரல் கேட்கப்போகிறது என்பதாலேயே வீட்டில் ஒருவர் பார்க்கிறார். அழைப்பின் வேலை அதுவே என்று நம்புகிறேன். மெத்தையையும் இருக்கைத் திண்டையும் குரலால் தர முடியாது. அதை யாரும் கோரவும் இல்லை.

உயிர்காப்பு பற்றிய 2021ஆம் ஆண்டு ஆய்வு கனமான எதிர்ச்சான்று. வங்கதேசத்தில் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய, சக்கர நாற்காலியை நம்பி வாழும் 410 பேரிடம் ஈராண்டு அழைப்புகளும் வீட்டுச் சந்திப்புகளும் சோதிக்கப்பட்டன. அவற்றைப் பெற்ற குழுவில் 15 பேர், வழக்கமான கவனிப்பில் 16 பேர் இறந்தனர். இதை மழுப்ப இயலாது. ஆனால் இறப்பு இவ்வளவு அரிதாக இருக்கையில் இடர் விகித இடைவெளி 0.46 முதல் 1.89 வரை விரிகிறது: இறப்பு பாதியாகக் குறைவதற்கும் ஏறத்தாழ இரட்டிப்பாவதற்கும் அதில் இடமுண்டு. ஏற்கெனவே வந்துவிட்ட புண்ணை ஆற்றுவது பற்றிய கேள்வியும் அங்கு எழவில்லை.

அடுத்த ஆய்வு அழைப்பை மட்டும் பெறுவோரையும், அழைப்போடு திண்டும் கட்டுத்துணியும் பெறுவோரையும் ஒப்பிட வேண்டும். பரப்பை விட்டு, புண் மூட எடுத்த நாள்களை எண்ண வேண்டும். அதுவரை 2017 ஆய்வைத் தோல்விக்குச் சான்றாக மேற்கோள் காட்டுவது தவறு.