பொம்மைச் சோதனையும் பிரவுன் தீர்ப்பும்: இனத் தப்பெண்ணம் தேடப்பட்ட இடம்

பொதுப்பள்ளிகளில் குழந்தைகளை இன அடிப்படையில் பிரித்து வைப்பது அரசியலமைப்புக்கு முரணானது என்று 1954 மே 17 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிரவுன் வழக்கு எனப்படும் இதில் தலைமை நீதிபதி ஏர்ல் வாரன் எழுதிய தீர்ப்பின் 11ஆம் அடிக்குறிப்பு, கறுப்பின உளவியலாளர் கென்னத் கிளார்க்கின் 1950ஆம் ஆண்டு அறிக்கையை முதலாவதாகச் சுட்டுகிறது. கிளார்க்கும் அவர் மனைவி மேமியும் நடத்திய பொம்மைச் சோதனை அன்று முதல் இத்தீர்ப்புடன் இணைத்தே நினைக்கப்படுகிறது. ஆனால் சோதனையின் எண்கள் தீர்ப்பின் வாதத்தோடு முழுமையாக ஒத்துப்போகவில்லை.

1947இல் வெளிவந்த கட்டுரையின்படி, 3 முதல் 7 வயது வரையிலான 253 கறுப்பினக் குழந்தைகளின் முன் நான்கு பொம்மைகள் வைக்கப்பட்டன. தோல் நிறத்திலும் முடி நிறத்திலும் தவிர அவற்றுள் வேறுபாடு இல்லை. 67 விழுக்காட்டினர் விளையாட வெள்ளைப் பொம்மையைத் தேர்ந்தனர். 59 விழுக்காட்டினர் பழுப்புப் பொம்மையே கெட்டதாகத் தோன்றுகிறது என்றனர். தம்மைப் போன்ற பொம்மை எது என்று இறுதியில் கேட்டபோது, 66 விழுக்காட்டினர் பழுப்புப் பொம்மையை எடுத்தனர். தாம் கெட்டதெனச் சுட்டிய பொம்மையையே தம் உருவாகவும் காட்ட நேர்ந்த சிலர் மனமுடைந்து அழுததும் உண்டு.

இக்குழந்தைகளுள் 134 பேர் இனப் பிரிப்பு நிலவிய தென்மாநிலமான ஆர்கன்சாவினர். 119 பேர் கலப்புப் பள்ளிகளில் பயின்ற மாசசூசெட்ஸ் மாநில ஸ்பிரிங்ஃபீல்டு நகரத்தினர். வெள்ளைப் பொம்மையை விரும்பியோர் தெற்கில் 62 விழுக்காடு, வடக்கில் 72. பழுப்புப் பொம்மையைக் கெட்டதென்றோர் தெற்கில் 49, வடக்கில் 71. இன ஒதுக்கலை ஆதரித்து வாதாடிய ஜான் டேவிஸ் இம்முரணை நீதிமன்றத்திலேயே எடுத்துக்காட்டினார். தென்பகுதிக் குழந்தைகள் தாழ்வை இயல்பென ஏற்றுக்கொண்டமையையே அவர்களது அமைதி காட்டுகிறது என்பது கிளார்க்கின் விளக்கம். இது பொருந்தக்கூடியதே, எனினும் எந்த முடிவு வந்தாலும் பொருத்திக்கொள்ளத்தக்க விளக்கமாகவும் இருக்கிறது.

எண்களை நேராகப் படித்தால், தப்பெண்ணம் பள்ளிச் சுவருக்குள் மட்டும் உருவாகவில்லை என்பதே புலப்படுகிறது. ஒரே வகுப்பறையில் அமர்வது மட்டும் போதுமானதன்று. சம தகுதி, பொது இலக்கு, நிறுவனத்தின் ஆதரவு ஆகியவையும் வேண்டும் என்று கார்டன் ஆல்போர்ட் அதே 1954இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். ஸ்பிரிங்ஃபீல்டு எண்களுக்கு டேவிஸின் வாதத்தைவிட இதுவே பொருத்தமான விடை.

நீதிமன்றமோ தீங்கைக் கறுப்பினக் குழந்தையின் உள்ளத்தில் கண்டது. பொம்மைக்கு மதிப்பு நிர்ணயித்த வெள்ளையினப் பெரியோர் எவரும் சோதனை மேசைக்கு முன் அமர்த்தப்படவில்லை. தீர்ப்பு நடைமுறைக்கு வந்தபோதும் குறை கறுப்பினத்தவர் பக்கமே தேடப்பட்டது: தென்மாநிலங்களில் மூடப்பட்டவை பெரும்பாலும் கறுப்பினப் பள்ளிகள். மாணவர்கள் வெள்ளையினப் பள்ளிகளுக்கு அனுப்பப்பட்டனர். அவர்களுக்குக் கற்பித்த ஆயிரக்கணக்கான கறுப்பின ஆசிரியர்கள் வேலை இழந்தனர்.