ஏழிசை எழுத்துகளின் பிறப்பு

சங்கரன்கோயிலை அடுத்த சிவகிரியைச் சூழ்ந்த நிலம் இசைத்தமிழ் வரலாற்றில் தனியிடம் உடையது. காவடிச்சிந்து பாடிய அண்ணாமலை ரெட்டியார் பிறந்த சென்னிகுளம் சங்கரன்கோயிலுக்கு அண்மையில் உள்ளது. கருணாமிர்த சாகரம் என்னும் பெருநூலை 1917இல் வெளியிட்ட ஆபிரகாம் பண்டிதர் 1859இல் சாம்பவர் வடகரையில் தோன்றினார். அவ்வூரும் சிவகிரியும் இன்று தென்காசி மாவட்டத்துள் அடங்குவன. பண்டிதர் ஆராய்ந்த பொருள்களுள் ஒன்று இன்னும் அறிஞரிடையே வழக்காகவே நிற்கின்றது. குரல் முதலிய பழந்தமிழ் நரம்புப் பெயர்களுக்கும், இன்று வழங்கும் ச ரி க ம ப த நி என்னும் எழுத்துகளுக்கும் உள்ள தொடர்பு யாது என்பதே அது. அதனை ஈண்டு ஆராய்வாம்.

முதற்கண் மூன்றனைப் பிரித்தறிதல் வேண்டும். நரம்பின் பெயர் ஒன்று. அதனைக் குறிக்கும் எழுத்து ஒன்று. அப்பெயரும் எழுத்தும் சுட்டும் இசைநிலை ஒன்று. இம்மூன்றும் ஒருங்கே பிறந்தன எனக் கொள்ளுதலே பல மயக்கங்களுக்குக் காரணம் ஆயிற்று.

தமிழ்ப் பெயர்கள் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்பன. சிலப்பதிகாரத்து ஆய்ச்சியர் குரவையில் மாதரி எழுவர் மகளிரை நிறுத்தி இப்பெயர்களையே இட்டழைக்கின்றாள். இடைச்சேரியில் ஆடும் கூத்தொன்றில் இவை இயல்பாக எடுத்தாளப்பெறுதலின், இவை நூலோர்க்கு மட்டுமே உரிய குறியீடுகளாகக் காட்டப்படவில்லை என்பது பெறப்படும்.

இவ்வேழற்கும் உரிய எழுத்துகளாகச் சேந்தன் திவாகரம் ஆ ஈ ஊ ஏ ஐ ஓ ஔ என்னும் ஏழனைக் கூறுகின்றது. இவை பெயர்களின் முதலெழுத்துகள் அல்ல என்பது கருதத்தக்கது. தொல்காப்பியம் வகுத்த உயிர் பன்னிரண்டனுள் குறில் ஐந்து, நெடில் ஏழு. அந்நெடில் ஏழுமே வரிசை மாறாமல் ஏழிசைக்கு உரியவாயின. மெய் உயிரைப்போல் எளிதில் நீண்டு ஒலியாது. மிடற்றுப் பாடலில் இசையைத் தாங்கி நீள்வது பெரும்பாலும் உயிரே. எழுத்துகள் தம் அளவிறந்து இசைத்தலைத் தொல்காப்பியர் நூன்மரபின் இறுதியில் யாழ்நூலின்பாற்படுத்துக் கூறுதலும் ஈண்டு நினைக்கத்தக்கது. ஆகவே தமிழ்முறை எழுத்திலக்கணத்தின் வழிப்பட்டது எனலாம்.

ச ரி க ம ப த நி என்பன வேறு வழியில் வந்தவை. சட்சம், ரிடபம், காந்தாரம், மத்திமம், பஞ்சமம், தைவதம், நிடாதம் என்னும் வடமொழிப் பெயர்களின் முதலசைகளே இவை. இதனைத் தமிழினின்று பிறந்ததாகக் காட்டப் புகுவோர் முயற்சி சான்றொடு பொருந்துவதன்று. பரதரின் நாட்டிய சாத்திரத்துள் முழுப்பெயர்கள் பயில்கின்றன. மதங்கரின் பிருகத்தேசியில் முதலசைகள் குறியீடாகவே வழங்குகின்றன.

இக்குறியீட்டைக் கல்லில் விரிவாகக் காட்டும் சான்று தமிழகத்திலேயே உள்ளது. புதுக்கோட்டை மாவட்டத்துக் குடுமியான்மலைக் கல்வெட்டு ஏழு பகுதிகளாக, நந்நான்கு எழுத்துகளாகத் தொகுத்த இசைக்கோவைகளைத் தருகின்றது. 7ஆம் நூற்றாண்டினதாகக் கருதப்படும் இதனை மகேந்திரவர்மனுக்கு உரியதாக்குவர் ஒருசாரார். வெட்டுவித்த அரசன் பெயர் கல்லில் இல்லாமையின் ஐயுறுவாரும் உளர். அதன்கண் ஒரே மெய் ர, ரி, ரு, ரெ என உயிர் மாறி வருதல் காணலாம். மெய் நரம்பைச் சுட்ட, உயிர் அதன் வேறுபாட்டைச் சுட்டுகின்றது. 17ஆம் நூற்றாண்டில் வேங்கடமகி வகுத்த ர ரி ரு, க கி கு என்னும் முறையும் இந்நெறியினதே. திவாகர முறையில் நரம்பைச் சுட்டுவது உயிர். கல்வெட்டு முறையில் மெய். இரண்டும் வெவ்வேறு கருத்தின் விளைவுகள்.

அக்கல்வெட்டு மாணவர் நலங்கருதிச் செய்யப்பட்டதாகத் தன்னையே கூறிக்கொள்ளுகின்றது. இத்தாலி நாட்டுத் துறவி குயிதோ 11ஆம் நூற்றாண்டில் ஊத், ரே, மீ, ஃபா, சோல், லா என்னும் அசைகளை அமைத்ததும் பாடகரைப் பயிற்றுதற்பொருட்டே. யோவான் அடிகளைப் போற்றும் இலத்தீன் பாடலொன்றின் அடிப்பகுதிகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு படி உயர்ந்து தொடங்குதலின், அவற்றின் முதலசைகளை அவர் எடுத்துக்கொண்டார். இசைநிலைகள் அவருக்கு முன்னரே இருந்தன. அசைகள் பள்ளியில் பிறந்தன. ச ரி க ம என்பதற்கும் இஃது ஒக்கும். எழுத்து வடமொழியினது என்றமையால் இசையும் ஆண்டிருந்தே வந்தது என்பது பெறப்படாது.

இனி, குரல் என்பது ச ஆகுமோ, ம ஆகுமோ என்னும் வினாவைக் காண்போம். வரிசை நோக்கின் குரல் முதலாவது. ஆதலின் ச எனப் பண்டிதர் கொண்டார். சிலப்பதிகார உரை தரும் மாத்திரை அளவுகளோ வேறொன்றைக் காட்டுகின்றன. குரல் 4, துத்தம் 4, கைக்கிளை 3, உழை 2, இளி 4, விளரி 3, தாரம் 2; ஆக 22. வடநூலார் சட்சக் கிராமத்து அளவு ச 4, ரி 3, க 2, ம 4, ப 4, த 3, நி 2; இதுவும் 22. இதனை மத்திமத்தினின்று தொடங்கி எண்ணின் 4, 4, 3, 2, 4, 3, 2 எனத் தமிழளவே வருதல் காணலாம். அளவால் குரல் மத்திமத்தோடு ஒக்கின்றது.

முதல் நரம்பினின்று ஏனையவற்றின் தொலைவைக் கணக்கிட்டால் இவ்வேறுபாடு எத்துணை நுண்ணியது என்பது புலனாகும். ஒவ்வொரு நரம்பின் அளவையும் அதற்கு முன்னுள்ள இடைவெளியாகக் கொள்வோம். உழையும் மத்திமமும் 9இல் நிற்கும். இளியும் பஞ்சமமும் 13இல். விளரியும் தைவதமும் 16இல். தாரமும் நிடாதமும் 18இல். மாறுபடுவன இரண்டே. துத்தம் 4இல் நிற்க, ரிடபம் 3இல் நிற்கும். கைக்கிளை 7இல் நிற்க, காந்தாரம் 5இல் நிற்கும். குரலை ஆதாரமாகக் கொண்ட இவ்வளவே இன்றைய அரிகாம்போதிக்கு அணுக்கமானது. செம்பாலையை அரிகாம்போதி என எஸ். இராமநாதன் 1956இல் தம் சிலப்பதிகாரத்து இசை நுணுக்க விளக்கத்துள் கொண்டதற்கு இது துணையாகும். பண்டிதர் அதனைச் சங்கராபரணம் என்றார். அவர் 22 என்னும் கணக்கையே மறுத்து 24 எனக் கொண்டவர் என்பதையும் உடன் நினைத்தல் வேண்டும்.

அங்ஙனமாயின் குரலைச் ச எனல் பிழையோ? அன்று. ச என்னும் எழுத்து இருகாலத்து இருபொருள் தந்தமையே சிக்கலின் வேர். பழைய கிராம முறையில் அது குறித்த அளவினையுடைய ஒரு நரம்பு. இன்றைய வழக்கில் எச்சுருதியிலும் பாடுவோன் கொள்ளும் ஆதாரம். பிற்பொருளில் குரல் ச ஆகும்; முற்பொருளில் ஆகாது. எனவே நரம்புப் பெயர்களை ஒப்பிட்டு அட்டவணை எழுதும் ஆய்வு மாணவர், எக்காலத்துச் ச என்பதை முதலில் வரையறுத்துக்கொள்ளுதல் வேண்டும். அது செய்யாதவழி, எழுத்தொற்றுமை கண்டு பண்களையே மாற்றியுரைக்கும் பிழை நேரும்.

எழுத்தின் பிறப்பு வேறு, இசையின் பிறப்பு வேறு என்பது இதுகாறும் கூறியவற்றால் பெறப்பட்டது. எழுத்தைக் கடன்கொண்டமை தமிழிசைக்கு இழுக்காகாது. அளவுகள் நம் உரைகளுள் இன்னும் நிற்கின்றன.