பதக்கமும் உலோகமும்

பழம் பதக்கங்களைச் சேகரிப்போர் பொன்னையும் வெள்ளியையுமே முதலில் நாடுவர். எனினும், ஆஸ்திரியப் பேரரசின் ஏற்றத்தையும் வீழ்ச்சியையும் எளிய உலோகங்களே தெளிவுற உரைக்கின்றன. 1813, 1814ஆம் ஆண்டுகளில் நெப்போலியனை எதிர்த்துப் போரிட்ட வீரர்களுக்குப் பேரரசர் முதலாம் பிரான்சிஸ் வழங்கிய சிலுவைப் பதக்கம், பிரெஞ்சுப் படையிடமிருந்து கைப்பற்றிய பீரங்கிகளின் வெண்கலத்தால் ஆனது.

அதனை முன்மாதிரியாகக் கொண்டு, 1916இல் பேரரசர் கார்ல் மற்றொரு சிலுவையை நிறுவினார். போர்முனையில் 12 வாரங்களேனும் பணியாற்றியோர் பதவி வேறுபாடின்றி அதற்கு உரியராயினர். ஆனால், உலோகத் தட்டுப்பாட்டால் அது துத்தநாகத்தில் செய்யப்பட்டது. அரசரும் தாயகமும் நன்றி பாராட்டுவதாக இரண்டிலும் இலத்தீன் வாசகம் உண்டு. ஈராண்டுக்குள், 1918இல், அவ்வரசர் ஆட்சியினின்று நீங்கினார், பேரரசும் சிதைந்தது.

பதக்கத்தின் விலையைக் கேட்பவர் வணிகர். அஃது ஏன் அவ்வுலோகத்தால் ஆயிற்று என வினவுபவரே வரலாற்று மாணவர்.