பூனையின் புண்ணும் பழைய மருந்தும்

பண்டை எகிப்து நாட்டில் ஓர் இல்லத்துப் பூனை மூப்பினாலோ நோயினாலோ இறந்துபடின், அவ்வில்லத்தார் யாவரும் தம் புருவங்களை மழித்துத் துக்கங் காத்தனர் என்று கிரேக்க வரலாற்றாசிரியரான ஹெரொடோட்டஸ் எழுதி வைத்துள்ளார். கி.மு. ஐந்தாம் நூற்றாண்டிலே வாழ்ந்தவர் அவர். பூனைத் தலையுடன் வடிக்கப்பட்ட பாஸ்தெத் என்னும் பெண் தெய்வத்துக்கு அந்நாட்டிற் கோயிலும் விழாவும் இருந்தன. இத்துணை அன்புடன் போற்றப்பட்ட பிராணி சண்டையிட்டுக் காயத்தோடு வீடு திரும்பியபோது, அக்காயத்துக்கு இட்ட மருந்து யாது?

இதற்கு நேரான விடை தரும் ஏடு நம் கைக்கு எட்டவில்லை. ஆயினும் மனிதருடைய காயங்களுக்கு எகிப்தியர் செய்த வைத்தியத்தை நாம் நன்கறிவோம். 1862ஆம் ஆண்டில் எட்வின் சிமித் என்னும் அமெரிக்கர் லக்சோர் நகரில் ஒரு பப்பிரசு ஏட்டினை விலைக்கு வாங்கினார். கி.மு. 1600 அளவில் எழுதப்பட்ட அவ்வேட்டில் 48 நோயாளரின் காயங்களும் முறிவுகளும் ஒழுங்காக விரித்துரைக்கப்பட்டுள்ளன. பேராசிரியர் பிரெஸ்ரெட் 1930இல் அதனை மொழிபெயர்த்து வெளியிட்டார். முதல் நாள் புதிய இறைச்சியை வைத்துக் கட்டுவதும், அதன் பின்னர் கொழுப்பும் தேனும் இழைநாரும் இட்டு நாள்தோறும் கட்டுவதுமே அவ்வேடு காட்டும் முறை. பாரத நாட்டின் சுசுருத சங்கிதையும் புண்ணுக்குத் தேனையும் நெய்யையும் விதிக்கின்றது.

விலங்கு வைத்தியமும் பழமையானதே. ஆயினும் அது பெரும்பாலும் மாட்டையும் குதிரையையும் சுற்றியே வளர்ந்தது. ஏர் உழுவது மாடு. போருக்குச் செல்வது குதிரை. 1762இல் பிரான்சு நாட்டின் லியோன் நகரிற் குளோட் பூர்ஜெலா தொடங்கிய மிருக வைத்தியக் கல்லூரியும், 1791இல் இலண்டனில் எழுந்த கல்லூரியும் இவ்விலங்குகளையே முதன்மையாகக் கருதின. பூனைக்கெனத் தனி வைத்திய ஆராய்ச்சி செழித்தது இருபதாம் நூற்றாண்டிலேதான். அதுவரை, மனிதனுக்கு எது நன்மை செய்ததோ அதுவே பூனைக்கும் இடப்பட்டது. இங்கேதான் அன்பே ஆபத்தாக முடிந்தது.

கிளாஸ்கோ நகரில் யோசேப் லிஸ்டர் என்னும் சத்திர வைத்தியர் 1865இல், எலும்பு முறிந்து தசை கிழிந்த ஒரு சிறுவனின் காலுக்குக் காபோலிக்கமிலம் தோய்ந்த கட்டினை இட்டார். புண் அழுகவில்லை, கால் பிழைத்தது. 1867இல் அவர் வெளியிட்ட கட்டுரைகள் சத்திர வைத்தியத்தையே மாற்றியமைத்தன. எண்ணற்ற உயிர்களைக் காத்த அந்த அமிலம் பூனைக்கோ நஞ்சாகும்.

காரணம் இரண்டு. முதலாவது ஈரல். பினோல் இனத்தைச் சேர்ந்த பொருள்களை மனிதனின் ஈரல் வேறொரு பொருளோடு இணைத்து எளிதில் வெளியேற்றிவிடுகிறது. பூனையின் ஈரலில் அவ்வாற்றல் மிகக் குறைவு. இதற்கு வேண்டிய நொதியங்களுள் ஒன்றை ஆக்கும் மரபணு பூனையினத்திற் பழுதுபட்டுச் செயலிழந்து கிடப்பதை 2000ஆம் ஆண்டில் வெளிவந்த ஆராய்ச்சி விளக்கியது. நமது தலைவலியைத் தீர்க்கும் பரசிற்றமோல் வில்லையொன்று ஒரு பூனையைக் கொன்றுவிடக் கூடியதாயிருப்பதும் இக்குறையினாலேயே. இரண்டாவது காரணம் நாக்கு. பூனை தன் உடலை ஓயாது நக்கித் துப்புரவு செய்யும் பிராணி. அதன் தோலிற் பூசியது சிறிது நேரத்தில் அதன் வயிற்றைச் சேரும்.

இனித் தேனின் கதைக்கு மீள்வோம். 1940களிற் பெனிசிலின் பரவிய பின்னர், தேன் பாட்டி வைத்தியம் என ஒதுக்கப்பட்டது. ஆயினும் ஆராய்ச்சி அதனை முற்றிலும் கைவிடவில்லை. தேனிலுள்ள ஒரு நொதியம், புண்ணின் ஈரத்திற் கலந்ததும் ஐதரசன் பேரொட்சைட்டைச் சிறிது சிறிதாகச் சுரக்கச் செய்கிறது என்பது 1963இல் உறுதியாயிற்று. தேனின் மிகுந்த இனிப்பு கிருமியின் நீரை உறிஞ்சுகிறது. அதன் புளிப்புத் தன்மையும் கிருமி பெருகுவதைத் தடுக்கிறது. 1980களில் நியூசிலாந்தின் வைக்காட்டோப் பல்கலைக்கழகத்திற் பீற்றர் மோலன் மானுக்காத் தேனை ஆராய்ந்தார். பெனிசிலினுக்கும் அடங்காத கிருமிகள் பெருகிய காலத்தில் வைத்திய உலகம் மீண்டும் தேனை நாடியது. 2007இல் ஐக்கிய அமெரிக்கா தேன் தோய்ந்த கட்டுகளுக்கு அனுமதி வழங்கியது. மிருக வைத்தியரும் இன்று பூனையின் திறந்த புண்களுக்குத் தேன் கட்டினைத் துணை மருந்தாகப் பயன்படுத்துகின்றனர். பூனை அதனைச் சிறிது நக்கிவிட்டாலும் காபோலிக்கமிலம் போல் அது நஞ்சாவதில்லை. எனினும் வைத்தியர் இடுவது கதிர்வீச்சினாற் கிருமி நீக்கப்பட்ட தேனேயன்றி, அடுக்களைப் போத்தலில் உள்ளதன்று. சாதாரண தேனிற் கொடிய நுண்ணுயிர்களின் வித்துகள் உறங்கிக் கிடத்தல் கூடும்.

பழமையும் இயற்கையும் மட்டுமே காவலாகா என்பதற்கு வேறொரு சான்றும் உண்டு. அவுஸ்திரேலிய மரமொன்றின் இலையிலிருந்து வடிக்கப்படுவது ரீ ட்ரீ எண்ணெய். நமது தேயிலைச் செடிக்கும் இதற்கும் உறவில்லை. அந்நாட்டுப் பழங்குடியினர் அவ்விலைகளை நெடுங்காலம் மருந்தாகக் கையாண்டனர். ஆனால் அந்த எண்ணெயைச் செறிவாகப் பூசிய பூனைகள் நடுக்கமுற்றுத் தள்ளாடி விழுந்ததுமுண்டு, உயிரிழந்ததுமுண்டு.

பூனையின் தோல் ஆறும் விதமும் தனியானது. 2004இல் வெளிவந்த ஓர் ஆய்வு நாயின் புண்ணையும் பூனையின் புண்ணையும் ஒப்பிட்டது. பூனையிடம் புதுத்தசை தாமதமாகவும் குறைவாகவும் தோன்றியது. தைத்த காயத்தின் வலிமையும் ஏழாம் நாளில் நாயின் காயத்தினது வலிமையில் ஏறத்தாழ அரைப்பங்கே இருந்தது. மேலும், பற்கள் பதிந்த சிறு துளை வெளியே மூடிக்கொள்ள, உள்ளே சீழ் பெருகுவதுமுண்டு. அதனைத் திறந்து கழுவாமல் மேலே தேன் தடவுவதாற் பயனில்லை.

நேயர்களே, பூனை சிறிய மனிதனுமன்று, சிறிய நாயுமன்று. நூறு தலைமுறை மனிதருக்கு உதவிய மருந்தாயினும், பூனையின் உடலுக்கு ஏற்றதா என்று தனியே கேட்டறிதல் வேண்டும். காயமுற்ற பூனை நம் வாயிலில் வந்து நிற்கும்போது, அலமாரியிலுள்ள கிருமிகொல்லிப் போத்தலை நோக்கி நம் கை விரைதல் இயல்பே. அக்கையைச் சற்றே நிறுத்தி, தூய நீரில் இட்ட உப்புக் கரைசலாற் புண்ணை மெல்லக் கழுவி, மிருக வைத்தியரிடம் கொண்டு செல்வதே உண்மையான பரிவாகும். எகிப்தியர் பூனை இறந்தபின் புருவத்தை மழித்தனர்; நாம் அது இறவாதிருக்கும் வழியை அறிந்துகொள்வோமாக.